வளைவில் ஒரு நிமிஷம் கரும்புகை

அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது அண்ணியின் கருத்து. வாழவந்த தனக்கு அந்த நோய் ஒட்டவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையிலிருக்கும் கரண்டி பாத்திரத்தின் மேல் ஓங்கி விழும். அன்று காலையில் அந்தக் கரண்டியையும் மிஞ்சிய சத்தத்தில் அண்ணனும் தங்கையும் சமையலறை மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். சண்டை புகையைப் பற்றி.

"கரும்புகையா? என்ன கேக்குறேன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா நீ?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன். வளைவு திரும்பும்போது ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

"ஒரு நிமிஷம் என்ன, ஒரு நொடிகூட விடமாட்டேன். போ."

அண்ணன் நீராவி எஞ்சினில் ஃபயர்மேன். நெருப்புப் பெட்டியில் கரி அள்ளிப் போடுகிற ஆள். தொண்ணூறு வயதான அந்த எஞ்சினை எட்டு மாதம் ஷெட்டில் போட்டுப் பழுது பார்த்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நாள் விருந்தினர்களை ஏற்றி ஓட்டப்போகிறார்கள். தங்கை போட்டோக்காரி. ரயில்வேயின் காலண்டருக்குப் படம் எடுக்கும் வேலைக்கு ஆள் பார்க்கிறார்கள். இந்த எஞ்சின் படம் நன்றாக வந்தால் அவளுக்கு இரண்டு வருஷ வேலை நிச்சயம் என்று விளம்பர அதிகாரி சொல்லியிருந்தார். நீல வானத்தில் கன்னங்கரேலென்று சுருள் சுருளாய்ப் புகை. அதுதான் அவர் கேட்ட படம்.

படம் பார்க்கிறவர்களுக்குப் புகை அழகு. ஃபயர்மேனுக்கு அது மானம். கரி ஒழுங்காக எரிந்தால் புகைபோக்கியில் தெரிந்தும் தெரியாமலும் வெளிறிய சாம்பல் நிறம்தான் வரும். காற்றை அடைத்து, கரியை மேலே மேலே கொட்டி, நெருப்பை மூச்சுத் திணற வைத்தால்தான் கருப்பாக வரும். வேலை தெரிந்தவன் புகைபோக்கியில் கருப்பைப் பார்த்தால், அடிப்பிடித்த பாத்திரத்தை விருந்தாளி பார்த்துவிட்ட சமையல்காரன் மாதிரி கூசிப்போவான்.

"ஊர் பூரா கேமராவோட நிக்கும். அத்தனை பேர் முன்னாடி, இதோ பாருங்க, எனக்கு வேலை தெரியாதுன்னு நானே போர்டு மாட்டிக்கணுமா?" என்றான் அண்ணன். "வளைவு முடிஞ்ச உடனே ஏத்தம். அங்கதான் நீராவி வேணும். நெருப்பு செத்துடுச்சுன்னா எஞ்சின் நின்னுடும்."

"இந்த வேலை கிடைச்சா நான் உன் மாடி ரூமைக் காலி பண்ணிடுவேன். அது உனக்குப் புரியுதா?"

"யாரு உன்னைக் காலி பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் பிரச்சினை!"

உண்மைதான். கட்டினவனை விட்டு ஒற்றைப் பெட்டியோடு வந்தவளை இந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வருஷமாகச் சொல்லவில்லை. அண்ணி தட்டில் முதலில் அவளுக்குத்தான் வைப்பாள். அந்தத் தயவைத் தின்று தின்று அவளுக்குத் தொண்டை அடைத்துப் போயிருந்தது. சொந்தமாக ஒரு கதவு, அதற்கு ஒரு சாவி, அந்தச் சாவியைத் தன் கையால் திருப்ப வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்து அந்தச் சாவி வராது.

அண்ணன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "உன் படத்துக்காக நான் மூஞ்சியில கரி பூசிக்க முடியாது" என்று வாசலில் நின்று ஒரு தடவை, தெருவில் இறங்கி ஒரு தடவை. அக்கம்பக்கத்துக்கும் விஷயம் தெரிந்தது.

அவள் அன்றைக்கே விளம்பர அதிகாரியைப் பார்க்கப் போனாள். அவருக்கு ஷெட்டில் இஸ்திரி என்று பட்டப்பெயர். சட்டையில் மடிப்புக் கலையாது, பேச்சிலும் கலையாது. அண்ணனை மீறி மேலே போய்ச் சொல்கிறோமே என்று மாடிப்படி ஏறும்போது சுருக்கென்று தைக்கத்தான் செய்தது. மூன்றாவது படியில் அதை மிதித்துவிட்டு மேலே போனாள்.

"ஃபயர்மேன் மாட்டேங்கிறாரா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று சிரித்தார் இஸ்திரி. "நானே நேர்ல சொல்லிடுறேன். நீங்க படத்தை மட்டும் பாருங்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் புறப்பட்டதும் அவள் போனுக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: 'ஃபயர்மேன்கிட்ட சொல்லியாச்சு. வளைவில் கருப்பு வரும். ரெடியா இருங்க.'

வளைவில் ஏற்கெனவே நாற்பது பேர். அதில் பாதிப் பேருக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியாது. கேமரா முக்காலியை ஊன்றியவர்களுக்கு முன்னால் வந்து போனைத் தூக்கிப் பிடிக்கிற ஜென்மங்கள். அவள் விடியற்காலையிலேயே வந்து பிடித்த இடத்துக்கு முன்னால், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார்.

"சார், கொஞ்சம் நகருங்க."

"எல்லாருக்கும் பொதுவான இடம்தானே?"

பொதுவான இடமாம். அவரோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை. முக்காலியைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்திலிருந்த பாறையின் மேல் ஏறினாள். இரண்டு கால் வைக்க இடமில்லாத பாறை. ஒரு காலை ஊன்றி, மறு காலை முக்காலிக்கு முட்டுக் கொடுத்து, காற்றுக்குத் தள்ளாடிக்கொண்டு நின்றாள். கீழே இருந்த நாற்பது பேரையும், தோளிலிருந்த பிள்ளை நீங்கலாக, மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

ஊதல் கேட்டது. தண்டவாளம் அதிர்ந்தது. மரங்களுக்கு நடுவே எஞ்சின் முகம் தெரிந்தபோது புகைபோக்கியில் புகை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வெளிறிய ஒரு கோடு. அவ்வளவுதான். அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. பாவி, மேலதிகாரி சொல்லியும் கேட்கவில்லை! எஞ்சின் வளைவுக்குள் நுழைந்தது. அப்போதுதான் கருப்பு வந்தது. குபுகுபுவென்று, வானத்தில் தார் ஊற்றினாற்போல் வந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. அவள் விரலை எடுக்கவில்லை. முப்பது படம். எஞ்சின் தாண்டிப் போனதும் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். படம் கிடைத்துவிட்டது. சாவியும் கிடைத்த மாதிரிதான்.

ஏற்றத்தில் பாதி வழியில் எஞ்சின் நின்றுவிட்ட செய்தி ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. நெருப்பு மங்கி, நீராவி அழுத்தம் இறங்கி, முனகி முனகி நின்றதாம். விருந்தினர்கள் வெயிலில் இறங்கி நிற்க, பின்னாலிருந்து ஒரு டீசல் எஞ்சின் வந்து மொத்த வண்டியையும் முட்டித் தள்ளிக்கொண்டு போனதாம். அதையும் ஊரே படம் எடுத்ததாம்.

அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து குளித்தான், சாப்பிட்டான், படுத்தான். கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அண்ணிகூடக் கரண்டியை மெதுவாக வைத்தாள்.

நான்காம் நாள் இஸ்திரி அவளை ஷெட் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டு நல்ல புடவை கட்டிப் போனாள். உள்ளே நீள மேசை. நடுவில் தலைமை எஞ்சினியரம்மா, பக்கத்தில் இஸ்திரி. எதிரே, கையைக் கட்டிக்கொண்டு அண்ணன். மேசையின் மேல் அவள் எடுத்து இஸ்திரிக்கு அனுப்பியிருந்த படம், பெரிதாக அச்சுப் போட்டது.

"இதை எடுத்தது நீங்கதானே?" என்றார் எஞ்சினியரம்மா. "ஞாயிற்றுக்கிழமை, வளைவுல?"

"ஆமா."

"பாத்தீங்களாம்மா?" என்றார் இஸ்திரி, படத்தின் மேல் விரலை வைத்து. "இதைவிட என்ன சாட்சி வேணும்? எவ்வளவு கருப்பு! வேலை தெரிஞ்ச ஃபயர்மேன் விடுற புகையா இது? இவரை இனிமே எஞ்சின் பக்கமே விடக்கூடாது."

தன் படம். பாறையில் ஒற்றைக் காலில் நின்று எடுத்த படம். அதை வைத்தே அண்ணன் கழுத்தை அறுக்கிறார்கள்!

எஞ்சினியரம்மா அண்ணனைப் பார்த்தார். "திரும்பவும் கேக்குறேன். இப்படிப் புகை விடச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல" என்றான் அண்ணன்.

"பொய்!"

அவள் போட்ட சத்தத்தில் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது. இஸ்திரியை நோக்கி விரலை நீட்டினாள். "அந்தப் புகையைக் கேட்டது நான். இவர்கிட்டதான் கேட்டேன். ஃபயர்மேன்கிட்ட நேர்ல சொல்றேன்னு சொன்னது இவர். சொல்லியாச்சுன்னு எனக்குச் செய்தி அனுப்பினதும் இவர்தான். இந்தாங்க, படிச்சுப் பாருங்க." போனை மேசையில் வைத்துத் தள்ளினாள்.

இஸ்திரியின் சட்டை மடிப்பு அப்போதும் கலையவில்லை. "யோசிச்சுப் பேசுங்கம்மா" என்றார் மெதுவாக. "உங்க காலண்டர் ஃபைல் என் மேசையிலதான் இருக்கு."

"அதுல பஜ்ஜி மடிச்சுக் குடுங்க!"

எஞ்சினியரம்மா செய்தியை இரண்டு தடவை படித்தார். அண்ணன் மேல் நடவடிக்கை எடுக்க எழுதி வைத்திருந்த காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். பிறகு இஸ்திரியின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "நீங்க ரெண்டு பேரும் போகலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் சீறினான். "யாரு உன்னைப் பேசச் சொன்னா?"

"உண்மையைச் சொன்னேன்."

"என்ன பெரிய உண்மை? அவன் பிளாட்பாரத்துல வந்து சொன்னான். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லி அனுப்பிட்டேன். அந்த ஆளு சொல்லியா நான் செய்வேன்?"

"அப்புறம் எப்படிப் புகை வந்துச்சு?"

அண்ணன் தரையைப் பார்த்தான். கோபம் போகவில்லை; போக இடம் தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"தலையை வெளியே நீட்டினேன். பாறை மேல நீ நிக்குற. ஒத்தைக் கால்ல. விழுந்தா மண்டை போயிடும், அப்பவும் கேமராவை விடல. எங்க வீட்டை விட்டுப் போறதுக்கு இவ்வளவு பாடான்னு இருந்துச்சு. சரி, போகணும்னா போகட்டும்னு காத்தை அடைச்சுட்டு அள்ளிப் போட்டேன். எவ்வளவு போட்டேன்னு எனக்கே தெரியல."

"அதை உள்ள சொல்ல வேண்டியதுதானே!"

"என்னன்னு? உன் பேரை இழுக்கச் சொல்றியா? உன் வேலை போயிடாது? எனக்கு வேலை தெரியாதுன்னே எழுதிட்டுப் போகட்டும்னு விட்டேன்."

வேலை தெரியாதவன் என்ற ஒரு சொல்லுக்காகத் தெருவே கேட்கக் கத்தியவன் அவன். அதையே நான்கு நாளாக வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறான், அவளுக்காக. இன்னொரு தயவு. இதுவரை செய்த எல்லாவற்றையும்விடப் பெரிய தயவு. அவனை அங்கேயே நாலு அறை அறையலாம் போல வந்தது அவளுக்கு. கண்ணில் தண்ணீர் வந்ததும் அந்த ஆத்திரத்தில்தான்.

அண்ணன் திரும்பவும் கதவை நோக்கிப் போனான். "அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வரேன். அவன் சொல்லி நான் செய்யல. செய்யாததுக்கு அவன் மாட்டக்கூடாது."

அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "அவன் புகை விடச் சொன்னானா, இல்லையா?"

"சொன்னான்."

"நீ விட்டியா, இல்லையா?"

"விட்டேன்."

"அவங்க கேட்டது அவ்வளவுதான். யாருக்காக விட்டேன்னு ஒருத்தரும் கேக்கல. வாயை மூடிக்கிட்டு வீட்டுக்கு நட."

"எந்த வீட்டுக்கு?" என்றான் அண்ணன்.

"உன் வீட்டுக்குத்தான்! வேற எங்க போக விட்ட நீ என்னை?" என்று அவள் கத்தியதில், வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரர் எழுந்து நின்றுவிட்டார்.