அரை மில்லி

சோலைராஜ் சண்டை போடுவதை நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகுதான் அவர் மனைவி வேலுத்தாய் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையில் இருபத்தாறு வருடமாகப் பூச்சிமருந்துக் கடை நடத்துபவர் சோலைராஜ். அந்தத் தொழிலில் சண்டைதான் மூலதனம். "ஒம்ம மருந்தத்தான் அடிச்சேன். புழு சாகலை, கொழுத்துல்லா போச்சு" என்று காலி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயச் சம்சாரியிடம், தப்பு மருந்தில் இல்லை, அடித்த நேரத்தில் இருக்கிறது, அடித்த ஆளில் இருக்கிறது, அவன் பரம்பரையில் இருக்கிறது என்று நிரூபித்து, கையோடு இன்னொரு பாட்டிலையும் கொடுத்தனுப்ப வேண்டும். இதில் சோலைராஜுக்கு விளாத்திகுளம் வரை பேர் இருந்தது. அப்படிப்பட்டவர் மாசி மாதத்தில் ஒருநாள் காலி பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, வேற தாரேன்" என்றார். பாட்டிலோடு வந்த இசக்கிபாண்டி பயந்துபோய் வெளியே வந்து வேலுத்தாய்க்குப் போன் செய்தார்.

"மதினி, அண்ணாச்சிக்கு என்னமோ ஆயிட்டு. என்னைய ஒரு வார்த்தை வையலை."

டாக்டர் சத்தியபாமா கயத்தாறுக்காரர். சுகர், தைராய்டு, ஹார்மோன் எல்லாம் பார்ப்பவர். எச்சரிக்கைக்குப் பேர் எடுத்தவர். மழை வருமா என்று அவரிடம் கேட்டால் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று என்று இரண்டு டெஸ்ட் எழுதிக் கொடுப்பார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் சோலைராஜிடம் தூக்கம், பசி, சோர்வு எல்லாம் விசாரித்துவிட்டு, "தாம்பத்தியம் எல்லாம் எப்படி?" என்றார். சோலைராஜ் சுவரில் மாட்டியிருந்த கல்லீரல் படத்தை ஆராய ஆரம்பித்தார். பதில் சொன்னது வேலுத்தாய்.

"கடைசியா, முந்துன பருத்திக்கு முன்னால."

"எந்த வருசம்?"

"மழை பொய்ச்ச வருசம்."

டாக்டர் எழுதிக்கொண்டார். அதைக் கேஸ் சீட்டில் எப்படி எழுதினாரோ தெரியாது.

காலை எட்டு மணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று வாரம் கழித்து அதே எட்டு மணிக்கு இன்னொன்று, தலைக்கு ஒரு ஸ்கேன், ப்ராஸ்டேட்டுக்கு ஒன்று என்று இரண்டு மாதம் போனது. முடிவில் டாக்டர், ஆண்களுக்கு ஊற வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் சோலைராஜுக்கு ஐம்பத்து மூன்று வயதில் பாதிகூட ஊறவில்லை என்றார். ஊசி போட்டால் தேறும். ஆடி மாதம் மருந்து எழுதினார். ஒரு ஆம்பூலில் ஒரு மில்லி இருக்கும். அதில் அரை மில்லி மட்டும், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. மூன்றாவது மாதம் ரத்தம் பார்க்க வர வேண்டும்.

"மீதி அரையை?" என்றார் சோலைராஜ்.

"கீழ கொட்டிருங்க."

"கொட்டவா?"

"கொட்டத்தான். இது கூடுனா ரத்தம் தடிக்கும். அரைக்கு மேல ஒரு சொட்டு போகக்கூடாது."

சோலைராஜ் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தார்.

பூச்சிமருந்து வியாபாரத்தில் அளவு என்று ஒன்று கிடையாது. அளவைப் பற்றிய பேச்சுவார்த்தைதான் உண்டு. பத்து லிட்டர் டேங்குக்குப் பதினைந்து மில்லி தேவை என்றால், சோலைராஜ் பத்து மில்லி என்றுதான் சொல்வார். ஏனென்றால் எந்தச் சம்சாரியும் சொன்ன அளவோடு மூடியைத் திருகி வைத்ததில்லை. பத்து ஊற்றுவான், வானத்தைப் பார்ப்பான், புழுவைப் பார்ப்பான், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இன்னும் ஒரு அரை மூடி சாய்ப்பான். கணக்கு சரியாகிவிடும். டேங்கில் மிஞ்சியதைக்கூடக் கடைசி நிரைக்கு இன்னொரு தடவை அடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். கொட்டியவன் கிடையாது.

டாக்டரம்மாவும் கயத்தாறுதானே. இந்த ஆட்கள் ஒன்றுக்கு இரண்டாக ஏற்றிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் அரை என்று சொல்லியிருக்கிறார். அவர் மனதில் இருப்பது முழு ஒரு மில்லி. அரையை அரையாகவே எடுத்துக்கொண்டால் அது டாக்டரம்மாவின் புத்திசாலித்தனத்துக்குச் செய்கிற அவமரியாதை.

ஊசி போட இரண்டு தெரு தள்ளி செல்வமாரி இருந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"சீட்டுல அரைன்னு போட்டிருக்கே அண்ணாச்சி."

"சீட்டுல அப்படித்தான் போடுவாவ. நீ முழுசாப் போடு."

"எனக்கென்ன, குத்துத இடம் ஒண்ணுதான்" என்றார் செல்வமாரி.

ஆறு வாரத்தில் மருந்து வேலை செய்தது. உர கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் மதியம் மூன்று மணிக்குக் கடைக்குள் போய், மூன்றரைக்கு டையைத் தளர்த்திக்கொண்டு வெளியே வந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே இருந்து முழுவதையும் கேட்ட வேலுத்தாய், அன்றைக்குக் காப்பிக்குத் தண்ணீர் கலக்காத பால் வைத்தார். பருத்தியை வைத்துச் சொன்ன கணக்கும் அந்த வாரத்திலேயே திருத்தப்பட்டது. அதைப் பற்றி இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பட்டப்பகலில் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்ததை எதிரில் டீக்கடை வைத்திருந்தவர் பார்த்தார்.

ஐப்பசியில் சோலைராஜுக்கு முகம் சிவந்தது. காது சிவந்தது. குனிந்து நிமிர்ந்தால் தலை கனத்தது. "அண்ணாச்சி, தேஜஸா இருக்கீங்க" என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். தினமும் தான் வைக்கும் பீட்ரூட்டுப் பொரியலின் வேலை என்று வேலுத்தாய் நினைத்து, அதைக் கொஞ்சம் கூட்டினார்.

மூன்றாவது மாதம் போக வேண்டிய டெஸ்டுக்கு சோலைராஜ் போகவில்லை. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த நேரம்; கடையை விட முடியவில்லை. கார்த்திகைக் கடைசியில் கிளினிக்கிலிருந்து போன் வந்தபோதுதான், முழு ஊசி போட்டது ரத்தத்தில் தெரிந்துவிடுமே என்று தோன்றியது. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஏற்றுமதிக்குப் போகும் மிளகாயில் மருந்து தங்கியிருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். சாம்பிள் எடுப்பதற்கு முன்னால் இத்தனை நாள் மருந்து அடிக்காதே என்று நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆகவே இரண்டு ஊசியை விட்டுவிட்டு, மார்கழி இரண்டாம் வாரம் சுத்தமான மிளகாயாகப் போய் ரத்தம் கொடுத்தார்.

மறுநாள் டாக்டர் அறிக்கையை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஹார்மோன் கம்மியாத்தான் இருக்கு. ஆனா பிசிவின்னு ஒண்ணு இருக்கு. ரத்தம் எவ்வளவு தடிப்பா இருக்குன்னு சொல்லுத கணக்கு. முதல்ல நாப்பத்தஞ்சு. இப்ப அம்பத்தாறு."

"கூடியிருக்குன்னா நல்லதுதானே டாக்டரம்மா" என்றார் வேலுத்தாய். "பீட்ரூட்டு போட்டேன்."

"ரத்தம் ரசம் மாதிரி ஓடணும். இவியளுக்குப் புளிக்குழம்பு மாதிரி ஓடுது. மூளையில போய் அடைச்சா ஒரு பக்கம் விழுந்துரும்."

மருந்தின் தடயம் போய்விட்டால் மருந்து செய்த வேலையும் போய்விடும் என்று சோலைராஜ் நினைத்திருந்தார். மிளகாயில் அப்படித்தான். ரத்தத்தில் ஒருதரம் ஊறிய சிவப்பணு மூன்று மாதம், நான்கு மாதம் இருக்கும் என்பது அவர் படித்த எந்த லேபிளிலும் இல்லை.

"அரை மில்லிக்கு இப்படி ஆகாது" என்றார் டாக்டர். "அப்ப ரெண்டு வழிதான். ஒண்ணு, இவிய உடம்புக்கு இந்த மருந்தே ஆகாது. இனி ஆயுசுக்கும் கிடையாது. ரெண்டாவது, நோய் வேற எங்கனயாவது இருக்கணும். நுரையீரல் பாக்கணும், கிட்னி ஸ்கேன் பண்ணணும், தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு பாக்கணும். மெட்ராஸுக்கு ஜீன் டெஸ்ட் அனுப்பணும். கடைசியா இடுப்பெலும்புல ஊசி விட்டு மஜ்ஜை எடுத்துப் பாக்கணும்."

"மஜ்ஜைன்னா..." வேலுத்தாய்க்குக் குரல் இறங்கியது. "அது அந்த வியாதியாம்மா?"

வேறு எந்த டாக்டராக இருந்தாலும் சும்மாவாவது இல்லை என்று சொல்லியிருப்பார்.

"இல்லைன்னு நான் சொல்ல முடியாது" என்றார் சத்தியபாமா.

சோலைராஜ் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் டாக்டரம்மா மருந்தை நிறுத்துவார். சொல்லாவிட்டாலும் நிறுத்துவார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்: காலையில் எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று கட்டிலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எலும்பில் ஊசி போட்டு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால், ஒருவேளை டாக்டரம்மா மனம் மாறலாம்.

"அந்த ஊசி எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.

டாக்டர் மேசையில் இருந்த பேனாவை எடுத்துக் காட்டினார். மூடியைக் கழற்றாமல்.

சரி, தாங்கலாம் என்றுதான் சோலைராஜ் அப்போதும் நினைத்தார். அதற்குள் வேலுத்தாய் நாற்காலியை டாக்டர் பக்கம் நகர்த்திக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "எதுவா இருந்தாலும் என்கிட்டச் சொல்லுங்க. அவியகிட்டச் சொல்லிராதீங்க. தாங்க மாட்டாவ" என்றார். சோலைராஜுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"ஏட்டி, நான் இங்கனதான் இருக்கேன்" என்றார் சோலைராஜ்.

வேலுத்தாய் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணை மூடிக் கையைக் கூப்பிவிட்டார். "கழுகுமலை முருகா, அவியளுக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா, நான் வீட்டுல இருந்து நடந்தே வந்து ஒன் சன்னதியில என் முடிய..."

வேண்டுதல் என்பது வாய்விட்டுச் சொல்லி முடிக்கும்வரைதான் நம் கையில். சொல்லி முடித்துவிட்டால் செய்தே ஆக வேண்டும். பயந்த காரணம் பொய் என்று பின்னால் தெரிந்தாலும் தள்ளுபடி கிடையாது. இதில் எல்லா டெஸ்டும் ஒன்றும் இல்லை என்றுதான் வரப்போகிறது. உலகத்திலேயே அது உறுதியாகத் தெரிந்தவர் சோலைராஜ் ஒருவர்தான். முழங்கால் தேய்ந்த வேலுத்தாய் இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்து போய், இடுப்பு வரை இருக்கும் முடியை இறக்கிவிட்டு வரப்போவதும் உறுதி.

"நிறுத்து" என்றார். "நான் முழுசாப் போட்டுட்டேன்."

வேலுத்தாய் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும்."

"அப்ப ஹார்மோன் எப்படிக் கம்மியா இருக்கு?"

சோலைராஜ் மிளகாய்க் கதையைச் சொன்னார். பாதியிலேயே டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான்தான் அரைன்னு சொன்னேனே அண்ணாச்சி."

"சொன்னீங்க. நாங்க பத்துன்னு சொன்னா சம்சாரி பதினஞ்சு ஊத்துவான். அது தெரிஞ்சுதான் பத்துன்னு சொல்லுதோம். நீங்களும் மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு அரைன்னு சொல்லுதீங்கன்னு நினைச்சேன்."

"நான் மனசுல நினைச்சது கால். ரொம்பப் பயப்படுதோமோன்னு நாலு நாள் யோசிச்சு அரைன்னு எழுதினேன்."

அப்புறம் வேலுத்தாய் பேசினார். இருபத்தாறு வருடமாகக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டதெல்லாம் அவருக்குப் பாடமாகியிருந்தது. தப்பு மருந்தில் இல்லை, போட்ட அளவில் இருக்கிறது, போட்ட ஆளில் இருக்கிறது என்று தொடங்கிப் பரம்பரைக்குப் போனார். வெளியே காத்திருந்தவர்கள் டோக்கன் நம்பரை மறந்து கேட்டார்கள். சோலைராஜ் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். எந்தச் சிவப்பு எதனால் என்று பிரிக்க முடியவில்லை.

டாக்டர் அன்றைக்கே அவரை ரத்த வங்கிக்கு அனுப்பி ஒரு பை ரத்தம் இறக்கச் சொன்னார். மூன்று மாதத்துக்கு மருந்து கிடையாது.

"அதுக்குப் பெறவு?"

"பெறவு ரத்தத்தைப் பாத்துட்டு அவிய சொல்லட்டும்" என்று வேலுத்தாயைக் காட்டினார். "நீங்க சொல்லுததை நான் இனிக் கணக்குல எடுக்க முடியாது."

தை, மாசி இரண்டும் கடையில் வேலுத்தாய்தான் உட்கார்ந்தார். சோலைராஜ் உள்ளே விசிறிக்குக் கீழே படுத்திருந்தார். பாட்டிலோடு வந்தவர்கள் மதினியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, இன்னொரு பாட்டிலும் வாங்கிக்கொண்டு போனார்கள். வியாபாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும், சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லக்கூட மாட்டாரா என்று வேலுத்தாய் அவர் முகத்தைப் பார்ப்பார். ஒருநாள் வேண்டுமென்றே உப்பு போடாமல் வைத்தார். சோலைராஜ் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

பங்குனியில் பிசிவி நாற்பத்தாறுக்கு இறங்கியிருந்தது.

"என்ன செய்யலாம்?" என்று டாக்டர் வேலுத்தாயைக் கேட்டார். "இப்படியே விட்டாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாது. தொடங்குனா மாசாமாசம் ரத்தம் பாக்கணும்."

சோலைராஜ் வேலுத்தாயின் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்தில் அவர் எதையாவது உற்றுப் பார்த்தது அப்போதுதான்.

"அவிய சண்டையவும் சேத்து நான்தான் போடுதேன். தொண்டை போச்சு" என்றார் வேலுத்தாய். "தொடங்குங்க. ஆனா ஊசி இங்கனதான் போடணும். நீங்கதான் போடணும். நான் பாக்கணும்."

டாக்டர் தானே எழுந்து போய் ஆம்பூலை உடைத்தார். எண்ணெய் மருந்து, ஊசிக்குள் மெதுவாக ஏறியது. அரை மில்லிக் கோட்டில் நிறுத்தி, சிரிஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வேலுத்தாய் கைப்பையைத் திறந்து, வாசிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். மேலிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தார்.

"ஒரு கோடு கூட இருக்கு" என்றார்.

பதினெட்டு வருடத் தொழிலில் சத்தியபாமாவிடம் ஒருவரும் சொல்லாத வார்த்தை அது. அவர் சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தார். ஆமாம், ஒரு மயிரிழை. தண்டை அழுத்தி ஒரு சொட்டை வெளியே விட்டார்.

"இப்ப?"

"இப்பப் போடுங்க."

சோலைராஜ் திரும்பிப் படுத்தார்.