அரை வீட்டு வெற்றி

நான் அரை வீட்டில் ஜெயித்தேன். அதனால் சங்கம் எனக்கு அரை வீடு கொடுத்தது.

உலகம் கோ என்று சொல்லும் ஆட்டத்தைக் கொரியாவில் நாங்கள் படுக் என்போம். கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாற்றி மாற்றி வைத்துப் பலகையில் இடம் வளைக்க வேண்டும். வளைத்த காலியிடம் ஒவ்வொன்றுக்கும் எங்கள் மொழியில் வீடு என்றே பெயர். வெள்ளை இரண்டாவதாக ஆடுவதால் அதற்கு ஆறரை வீடு சலுகை. ஆட்டம் சமமாக முடிந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த அரையைச் சேர்த்தார்கள். பலகையில் அது எங்கேயும் கிடையாது. பட்டத்துக்கான அந்த இறுதி ஆட்டத்தில் நான் வெள்ளை.

தோற்றவர் பியோ தேசிக். ஒன்பதாம் டான். அதற்கு மேல் படி இல்லை. அதனால் அவர் முப்பது வருடங்களாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

எனக்குக் கொடுத்தது அவர் வீட்டில் பாதி. சியோலில், ஐந்தாவது மாடியில், கூடத்தின் நடுவே கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி மேஜை, பாதி ஜன்னல், பாதித் தொலைக்காட்சி. படுக் சேனலில் வர்ணனையாளரின் இடது பாதி மட்டும் எனக்குத் தெரியும். அதுவே அதிகம். கம்ப்யூட்டர் சொன்னதைத் தான் யோசித்ததாகச் சொல்வது அந்த மனிதரின் தொழில்.

பியோ கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் பலகையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவே இல்லை.

"அன்னிக்கு எனக்குப் பல்வலி, பாப்பா," என்றார்.

"அப்படியா," என்றேன்.

என்னிடம் தோற்ற ஆண்களில் ஆரோக்கியமாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. பல்வலி, முதுகுவலி, மாமனார் சாவு, ஜன்னல் வழியாகக் கண்ணில் அடித்த வெயில். பதினாறு வயதில் தொழில்முறை ஆட்டக்காரி ஆனேன். அன்று முதல் நோயாளிகளோடுதான் ஆடி வருகிறேன். நன்றாக ஆடினால் ஆம்பளை மாதிரி ஆடுகிறாள் என்று எழுதுவார்கள். சொதப்பினால் மட்டும் நான் பெண்.

திங்கட்கிழமை படுக் சங்கத்தின் செயலாளர் க்வாக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறைக்குப் போகும் தாழ்வாரம் பெண்களுக்கு மட்டும் நீளும். ஆண்கள் நாலு எட்டில் போய்விடுவார்கள். நான் எப்போதும் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் கிளம்புவேன். சுவர் முழுக்கப் பழைய சாம்பியன்களின் படங்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வையெல்லாம் கொஞ்சம் கீழே இருந்தது.

"உக்காரு, மிரே," என்றார் க்வாக். "ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. நீ உயிரோட இல்ல."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு வீடு இருந்தாத்தான் உயிர். உனக்கு அரைதானே இருக்கு."

பலகையில் அப்படித்தான். ஒரு கூட்டம் கற்களைச் சுற்றி வளைத்துவிட்டாலும், உள்ளே தனித்தனியாக இரண்டு வீடு இருந்தால் யாராலும் தொட முடியாது. இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள்.

"அது பலகைக்கு," என்றேன்.

"எங்ககிட்ட வேற விதி கிடையாது. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கறோம்."

"எடுத்துட்டா என் ஆட்டமெல்லாம்?"

"எதிராளிங்க தனியா ஆடினதா மாத்திடுவோம். ஜெயிச்சதும் அவங்கதான். வேற யாரும் இல்லையே."

எட்டு வயதில் முதல் கல்லை வைத்தேன். தோழிகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அரையிறுதி ஆடிக்கொண்டிருந்தேன். வாழ்க்கை என்று எனக்கு இருப்பது அந்த ஆட்டங்கள்தான். அதை இந்த ஆள் பல்லிடுக்கைக் குத்திக்கொண்டே துடைத்துவிடப் பார்த்தார்.

"ஒரு வழி இருக்கு," என்றார் க்வாக். "பூங்கொத்தைக் கையில வச்சுகிட்டு சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ. முக்கால் வீடு போட்டுத் தரேன். பல்லு தெரிஞ்சா இன்னும் முக்கால்."

அவரைப் பார்த்தேன். வெறுக்கலாம் என்று நினைத்தேன். வெறுக்க எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டை அளந்தபோது சமையலறையை அளக்க மறந்திருந்தார்கள். அங்கே பியோவின் மனைவி இருந்தார். அவரையும் அளக்கவில்லை. பெயர் ஓக்பூன். நானாகக் கேட்டதால் சொன்னார். அன்று சாயங்காலம் முள்ளங்கி சூப்பைக் கொண்டுவந்து என் பாதி மேஜையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை என்னை எடுக்கறாங்களாம், அக்கா," என்றேன்.

"ஏனாம்?"

"ரெண்டு வீடு இல்லையாம்."

ஓக்பூன் புருஷன் பக்கம் தலையை ஆட்டினார். "இவருக்கு எத்தனைன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. யாருமே கேட்டதில்லை. அவருக்கு இருந்தது ஒரே வீடு. அதில் பாதி என்னிடம். மிச்சம் அரை.

"அப்போ இவரும்..."

"இவர் செத்து ரொம்ப நாளாச்சு. ஒத்துக்க மாட்டேங்கறார்."

ஆட்டம் முடிந்ததும் செத்த கற்களைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆனால் செத்தது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் முரண்டு பிடித்தால் தொடர்ந்து ஆடி, நாலு பக்கமும் அடைத்து, பிடித்துக் காட்ட வேண்டும். சங்கத்தில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். கமிட்டி, நடுவர்கள், சுவரில் இருக்கிற படங்கள். அவர்களில் ஒருவனும் ஒத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. அந்தக் கட்டடத்தில் அத்தனை நெரிசல் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

பியோவுக்குப் பின்னால் சுவர் இருந்தது. முன்னால் அவருடைய பலகை. நான் கோட்டைத் தாண்டிப் போய் இடது பக்கம் நின்றேன். ஓக்பூன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றார்.

"அன்னிக்கு எனக்கு அஜீரணம்," என்றார் பியோ.

"பல்வலின்னீங்க."

"ரெண்டும்."

அவரைத் தூக்கினேன். கனமே இல்லை. உள்ளே எதுவும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பிடித்த கல்லை, கல் வைக்கும் கிண்ணத்தின் மூடியில் போடுவது வழக்கம். போட்டேன். மூடியில் உட்கார்ந்துகொண்டு ஏதோ பழைய சாம்பியன்ஷிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஓக்பூன் நாற்காலியைத் துணியால் துடைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

கூடத்தில் கோடு அழிந்தது. இரண்டு பாதியும் சேர்ந்து முழுசாக ஒரு வீடு. பிறகு ஓக்பூன் எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் திறந்து வைத்தார்.

"இதையும் சேத்துக்கோ. இது எப்பவும் என்னுதுதான். அவர் உள்ளேயே வந்ததில்ல."

கூடம் ஒன்று, சமையலறை ஒன்று. நடுவில் கதவு திறந்திருந்ததால் நாங்கள் இருவரும் ஒரே கூட்டம். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை க்வாக் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். கூடவே வர்ணனையாளர், முழுசாக. க்வாக் வீட்டை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். கையுறையைக் கழற்றினார்.

"பியோ எங்கே?"

மூடியைக் காட்டினேன். க்வாக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். வர்ணனையாளர் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"அபாரம்," என்றார் வர்ணனையாளர். "தன்னையே பலி குடுத்து ரெண்டு பொம்பளைங்களைக் காப்பாத்தியிருக்கார். ஒன்பதாம் டானுக்குத்தான் இதெல்லாம் தோணும்."

"ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்தேன்," என்றார் பியோ, மூடியிலிருந்து.

"பட்டம் பியோவுக்கு," என்றார் க்வாக். "நீ உயிரோட இருக்கியே, மிரே. அது போதாதா?"

வாய் கூசாமல் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபத்தைவிட அலுப்புதான் அதிகமாக வந்தது. ஒரே ஆட்டத்தை எத்தனை தடவைதான் ஜெயிப்பது.

"இன்னும் எண்ணி முடிக்கல," என்றேன்.

கடைசியாக எண்ணும்போது, பிடிபட்ட கல்லை அதன் சொந்தத் தரப்பு வீட்டிலேயே வைத்து அடைக்க வேண்டும். அந்தத் தரப்புக்கு ஒரு வீடு குறையும். இதுவும் அவர்கள் போட்ட விதிதான்.

ஓக்பூன் மூடியை எடுத்துக்கொண்டார். சங்கத்துக்குப் போனோம். தாழ்வாரத்தில் அவரை முன்னால் நடக்கவிட்டேன். அவரைப் பெண் என்றுகூடத் தாழ்வாரம் கவனிக்கவில்லை. அதனால் நீளவில்லை. நாலு எட்டில் க்வாக்கின் அறை வந்துவிட்டது.

பியோவை எடுத்து க்வாக்கின் நாற்காலியில் வைத்தேன். அறை அடைந்துவிட்டது. மூலை, அலமாரி, மேஜைக்கு அடி, எங்கும் பியோ. தேநீர் வேண்டும் என்றார்.

க்வாக் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"அது என் அறை."

"பியோ உங்க ஆளு, உங்க வீட்டைத்தான் அடைப்பார். ஒண்ணு கொறைஞ்சுது."

"அப்போ எனக்கு எத்தனை?"

அவருக்கு முன்னால் பியோ. பின்னால் படங்கள் மாட்டிய சுவர். ஓக்பூன் அவருக்கு இடது பக்கம் போய் நின்றார். நான் வலது பக்கம் நின்றேன்.

"பட்டத்தை உன் பேருக்கே எழுதிடறேன்," என்றார் க்வாக்.

"அது என் பேர்லதான் இருக்கு."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். படங்களைப் பார்த்தார். படங்கள் வழக்கம்போல் கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் ஒத்துக்க மாட்டேன்," என்றார்.

"யாரும் கேக்கல," என்றேன்.

அக்கா காலி மூடியை நீட்டினார்.