நான்கு சாக்கு இலை

அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் தம்பி. தம்பியின் மனைவி. பறவை பார்ப்போர் சங்கத்திலிருந்து வந்த பல் டாக்டர். அவரோடு வந்த, கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அம்மாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர். தெருவில் இப்போது இருபது பேர் தாங்களும் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அந்த இருபது பேரும் அங்கே இல்லை. தையல்காரரின் அறையில் இருபது பேர் நிற்க இடமும் கிடையாது.

விஷயம் எங்கள் வீட்டு மானம் சம்பந்தப்பட்டது என்பதால், மூத்தவளான நானே எழுதிவைக்கிறேன்.

என் தம்பி இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். உள்ளே கத்துகிற பிள்ளைகளை அடக்க அவன் கண்டுபிடித்த வழி, தினமும் ஒரு கதை அளப்பது. பாலத்துக்கு அடியில் முதலை இருக்கிறது, அது சத்தம் போடுகிற வேனை மட்டும்தான் பிடிக்கும் என்பான். ஒரு பையன் பாலத்தைக் கண்டாலே அழ ஆரம்பித்தான், தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள், தம்பிக்குக் கப்சா என்று பெயர் வந்தது. இன்றுவரை தெருவில் அதுதான் பெயர். பெரியவர்களிடம் அவன் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பெயர் பெயர்தானே.

போன வருடம் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். வேன் போயிற்று. நான்கு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஒரு வார்த்தை. பிறகு ஒருநாள் கட்டிலைப் பின்ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னான். வேன் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து வாங்கிக் கொடுத்திருந்த பைனாகுலரைப் பெட்டியிலிருந்து எடுத்தான். கொய்யா மரத்தில் தேன்சிட்டு, மதில்மேல் செம்போத்து, கம்பியில் கரிச்சான் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தான். சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேசவும் ஆரம்பித்தான். வீட்டில் மறுபடி மனிதக் குரல் கேட்டது. டாக்டர்கள் செய்யாததை அந்தக் கொய்யா மரம் செய்தது.

அப்படிப் பார்த்ததுதான் ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு என்று கூவுகிற பறவையாம். பாதாம் மரத்தடியில் உதிர்ந்த இலைகளுக்குள் புழு பொறுக்க வந்தது என்று எழுதி, தம்பி சங்கத்துக்கு அனுப்பினான். அவர்களுடைய மாதப் பட்டியலில் அது அச்சாகியும் வந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. எங்கள் ஊரில் அந்தப் பறவையை யாரும் பார்த்ததில்லையாம். மாதம் முடிவதற்குள் சங்கத்தார் இரண்டு பேர் நேரில் பார்த்தால் குறி போகும். பார்க்காவிட்டால் வரியையே அடித்துவிடுவார்கள்.

நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்தவள். எங்கள் வீட்டுப் பெயருக்குப் பக்கத்தில் அச்சில் கேள்விக்குறி வந்தது அதுதான் முதல் தடவை.

"அடிச்சுட்டா பைனாகுலரத் திருப்பிக் குடுத்துடுவேன்க்கா. இனிமே எதையும் எழுதப் போறதில்ல" என்றான் தம்பி. சொன்னதைச் செய்கிறவன். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவானோ என்று பயந்தேன்.

மாதத்தின் கடைசி நாள்தான் அவர்கள் வந்தார்கள். அன்று காலை தம்பி கால் பயிற்சிக்காக ஆஸ்பத்திரி போயிருந்தான். பின்கட்டில் இலை கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. மூன்று வாரமாகத் துடைப்பத்தை எடுக்கக் கூடாது என்று தம்பி தடுத்திருந்தான்.

"அவரு வேணாம்னாரே அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

"வெளியாளுங்க வர்றாங்க. குப்பைமேட்டையா காட்டுறது?" என்றேன்.

இருவருமாகப் பெருக்கி, நான்கு சாக்கில் கட்டி வாசலில் வைத்து, தண்ணீரும் தெளித்தோம். பின்கட்டு கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலேமுக்காலுக்கு அவர்கள் வந்து பின்ஜன்னல் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி அலுப்பில் அதுவரை படுத்திருந்த தம்பி அப்போதுதான் திரையை விலக்கினான். அவன் முகம் செத்துப்போனது. பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டான்.

அரைமணி நேரம் மைனாக்கள் மட்டும் வந்தன. பல் டாக்டர் படிவத்தைப் புரட்டினார்.

"சார், தரையே தெரியாத அளவுக்கு இலைன்னு எழுதியிருக்கீங்க. இங்க தரை மட்டும்தானே தெரியுது?"

"இருந்துச்சு டாக்டர்."

"எப்ப?"

"முன்னாடி."

"பாதாம் மரம் இப்பவும் உதிர்ந்துக்கிட்டுத்தானே இருக்கு?" என்றார் ஆய்வக அம்மாள், மெதுவாகத்தான். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். டாக்டரின் பேனா அந்த வரிக்குப் போயிற்று.

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். தம்பி பார்க்கவில்லை. அவன் பார்க்காமல் இருந்ததில்தான் எனக்கு விளங்கியது. வந்தவர்கள் முன்னால் அக்காவைக் காட்டிக்கொடுப்பதைவிட, கப்சாவாகவே இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டான்.

நான் எழுந்து நின்றேன். "பேனாவ அந்த வரியிலேர்ந்து எடுங்க டாக்டர். இலைய நான்தான் பெருக்கினேன். இன்னைக்குக் காலையில. அவன் மூணு வாரமா வேணாம்னு சொல்லியும் பெருக்கினேன். அவன் எழுதினதுல ஒரு எழுத்து தப்பில்ல."

"அக்கா, விடேன்."

"நீ சும்மா இரு."

"இலை இப்ப எங்கம்மா இருக்கு?" என்றார் ஆய்வக அம்மாள்.

தம்பி மனைவி சொன்னாள்: "குப்பை வண்டி வர்றதுக்குள்ள பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாழைக்குன்னு தூக்கிட்டுப் போயிட்டாரு."

அந்த வீட்டோடு எங்களுக்கு மூன்று வருடமாகப் பேச்சில்லை. அவருடைய மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் எங்கள் மதிலைப் பார்த்துத் திரும்பிய நாளிலிருந்து. மணி ஐந்து இருபது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவர் மெஷினில் இருந்தார். கழுத்தில் அளவு நாடா. எழுந்திருக்கவில்லை.

"வாங்க வாங்க. மூணு வருஷம் ஆச்சு, வழி தெரிஞ்சுதா?"

"வழி தெரியும். வேலைதான் இல்ல. எங்க வீட்டு இலைய எடுத்தீங்களாமே, அது வேணும்."

மெஷின் நின்றது. "குப்பையையா?"

"இலையை."

"வாசல்ல வைக்கிறப்ப குப்பை. திருப்பிக் கேக்குறப்ப இலையா? நல்லாருக்கும்மா உங்க நியாயம்."

பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். தம்பியின் குனிந்த தலை கண்முன்னால் இருந்தது.

என் முகத்தைப் பார்த்து அவரே இறங்கி வந்தார். "எனக்கென்ன, அள்ளிக்குங்க. வாழையடியில கொட்டியிருக்கேன். மத்தியானத்துலேர்ந்து என்னமோ ஒரு குருவி அதுல பூந்து வாரி எறைக்குது. ரெண்டு தடவ தொரத்திட்டேன்."

ஒரு எட்டு முன்னால் வைத்தேன். "எப்படி இருந்துச்சு?"

"மிச்சத் துணியெல்லாம் சேத்துத் தச்ச மாதிரி. முதுகு பச்சை, தோள்ல ஒரு துண்டு நீலம், அடிவயித்துல செவப்பு பார்டர். வாலுக்கு வர்றப்ப துணி தீந்துடுச்சு போல, மொட்டையா விட்டுட்டான்."

"தயவுசெய்து இனிமே தொரத்தாதீங்க" என்றேன். 'தயவுசெய்து' என்ற சொல்லை நான் சொன்னது உண்மை. மறைக்கவில்லை.

வீட்டுக்கு ஓடிப்போய் மற்றவர்களைக் கூட்டிவந்தேன். ஐந்து பேரும் அவருடைய தையல் அறைக்குள் வந்தோம். மெஷினை நகர்த்தி வழிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தம்பிக்குப் போட்டார். தம்பி கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வாழையடியில் எங்கள் இலைகள் குவிந்து கிடந்தன. அசைவில்லை.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கூவியது. இரண்டே சுரம், யாரோ தெருக்கோடியிலிருந்து சீட்டியடித்துக் கூப்பிடுவது போல. ஒரு பாதாம் இலை தானாகப் புரண்டது. அதன் பின்னாலிருந்து குத்துக்கால் போட்ட குள்ள மனிதன் மாதிரி அது தத்தி வெளியே வந்தது. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. ஒரு புழுவை இழுத்து விழுங்கிவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. தையல்காரர் சொன்ன நிறங்களில் ஒன்றுகூட மாறவில்லை.

"ஐயோ, நெஜமாவே இருக்கே!" என்றாள் தம்பி மனைவி.

"இல்லாததுக்காகவா ஒரு மாசமா ஜன்னல விட்டு நகராம ஆறின சோத்தச் சாப்பிட்டேன்?" என்றான் தம்பி. சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"கப்சா சொன்னது இதத்தானா?" என்று ஆரம்பித்த தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்க தம்பி சொன்னது?"

"இதத்தான்" என்றேன். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய மெஷின்மேல் முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்து நின்றிருந்தேன். நான் எதன்மேலும் சாய்கிறவள் அல்ல. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

டாக்டர் கேள்விக்குறியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆய்வக அம்மாளும் போட்டார். 'பார்த்த இடம்' என்ற கட்டத்தில் டாக்டரின் பேனா தயங்கியது. என்னைப் பார்த்தார்.

"எங்க பார்த்தீங்களோ அதையே எழுதுங்க. பக்கத்து வீட்டு வாழையடி. கீழ 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல இலை எந்த வீட்டுதுன்னு எழுதிடுங்க."

எழுதினார்.

இப்போது பின்கட்டைப் பெருக்குவதில்லை. பதினோராம் நாள் அது எங்கள் பாதாம் மரத்தடிக்கும் வந்தது. தண்ணீர்க் குழாய் திரும்பியபடியேதான் இருக்கிறது. அதை மழைக்காலத்துக்கு முன் பேசிக்கொள்வோம்.

அக்காவும் தம்பியும் மானம் காக்கத் தையல்காரர் வீட்டுப் பறவையை இரவல் வாங்கினார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். பறவை யாருடையதும் அல்ல. இலை எங்களுடையது. நான்கு சாக்கு.