கல்லும் தேங்காயும்

எனக்கு உருது தெரியும் என்று ஆம்பூரில் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜாஸ்தி, கம்மி, பேஜார், தோஸ்த். இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டே ஷூ கம்பெனியில் காலம் தள்ளிவிட்டேன். ஐந்தாவதைத் தொட்டபோதுதான் மானம் போயிற்று.

கம்பெனியில் எனக்கு குவாலிட்டி செக்கிங். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுவேன். அதே கண்ணோடு வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீடு பிழைக்குமா? பக்கத்து வீட்டு நிசார் அஹமது தோல் தரகர். அவருடைய ஸ்கூட்டர் என் கேட்டை அரையடி மறைக்கிறது. அவர் வீட்டுத் தொட்டி நிரம்பி என் சுவரை நனைக்கிறது. அவர் தும்மினால் எங்கள் டிவியில் செய்தி கேட்காது. இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னதே இல்லை. சாப்பிடும்போது என் மனைவி சௌமியாவிடம்தான் சொல்வேன்.

"அவர்கிட்ட சொல்றத என்கிட்ட ஏன் சொல்றீங்க? நானா தும்மறேன்?" என்பாள்.

இந்த நிலைமையில்தான் எங்கள் தென்னை காய்த்தது. சுவரோரம் நான் நட்டது. என்னை மதிக்காமல் நிசார் வீட்டுப் பக்கமே சாய்ந்து வளர்ந்தது. முதல் குலையில் கடைசிவரை தங்கியது ஒரே ஒரு காய். மேலே இருந்ததெல்லாம் இளசு. அந்த மாதம்தான் எங்கள் பெண் பூர்ணிமாவுக்குக் கான்பூரில் தோல் கெமிக்கல் கம்பெனியில் வேலை கிடைத்தது. காட்பாடியைத் தாண்டித் தனியாகப் போகாத பெண்ணுக்கு இரண்டு நாள் ரயில்.

"மரத்துல முத்தற மொத காய விரிஞ்சிபுரத்துல ஒடச்சிட்டுத்தான் இவ ரயில் ஏறணும்" என்று சௌமியா வேண்டிக்கொண்டாள். அங்கே சாமிக்கு வழித்துணை நாதர் என்றே பெயர். சனிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை ரயில்.

தினமும் பல் விளக்கிக்கொண்டே அந்தக் காயை அண்ணாந்து பார்ப்பது என் டியூட்டி ஆயிற்று. செவ்வாய்க்கிழமை அண்ணாந்தேன். காயைக் காணோம். மரத்தடியில் இரண்டு இளங்காய் மட்டும் ஓட்டை விழுந்து கிடந்தன. ஓட்டையைத் தடவிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருட அனுபவம் உடனே சொன்னது: கல்லடி.

அன்று சாயங்காலம், துணி காயப்போடும் பாவனையில் சுவரை ஒட்டி நின்றேன். நான் துணி காயப்போடுவதைப் பார்த்து சௌமியா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கம் நிசாரின் மனைவி அக்தரி பேகம் உருதுவில் ஏதோ கடிந்துகொண்டிருந்தார். நிசார் பாய் தணிந்த குரலில் சொன்னார்:

"கல் தேங்கே... கல் தேங்கே."

கல். தேங்கா. குற்றவாளி தன் வாயாலேயே, அதுவும் முழுத் தமிழில், ஒப்புக்கொண்டுவிட்டார். புதன், வியாழன் இரண்டு நாளும் அதே வாக்குமூலம்.

கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். கேட் அருகிலேயே நிசார் பாய் எதிர்ப்பட்டார். "சாப்டாச்சா சார்?" என்றார். "ஆச்சு பாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். என் வீரம் கேட் வரைக்கும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சௌமியா கையில் பையைக் கொடுத்தாள். "மரத்துக் காய்க்குக் குடுத்து வெக்கல. கடையிலயாவது ஒண்ணு வாங்கினு வாங்க. குடுமி இருக்கணும். மொட்டக் காய் சாமிக்கு ஆகாது."

ஹைவே ஓரத்து சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே ஏசி இருக்கிறது. ஐம்பது தள்ளுவண்டி வரிசையாக நின்றாலும் நான் எடுப்பதற்கு மட்டும் ஒரு சக்கரம் கோணலாக இருக்கும். எண்ணெய்ப் பக்கம் தள்ளினால் அது தேங்காய்ப் பக்கம் போயிற்று. அங்கே நிசார் பாய் ஒரு தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு நல்ல காயா பாத்து சொல்லுங்க. குடுமி இருக்கணும். இங்க எல்லாம் மொட்டையா கீது."

குடுமித் தேங்காய் இவருக்கு எதற்கு என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற பழக்கம் எனக்குக் கம்மி. ஏசிக் காற்றில் தைரியம் வேறு ஜாஸ்தியாகிவிட்டது.

"ஏன் பாய், இங்க கல்லு கெடைக்கலயா?"

"இன்னா கல்லு?"

"அடிச்சு எடுக்கத்தான். இது கடை, என் மரம் இல்ல பாருங்க. தெனம் நீங்க பேசறத கேட்டேன். கல் தேங்கா, கல் தேங்கான்னு. எனக்கும் உருது தெரியும் பாய்."

பில் போடும் வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கையிலிருந்த காயை, முட்டையை வைப்பதுபோல வைத்தார். "உங்க மரத்துல நான் கல்லு உட்டேனா சார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு வெறுங்கையோடு வெளியே போனார். ஜெயித்தவன் மாதிரி இல்லை எனக்கு. கைக்குக் கிடைத்த காயை எடுத்தேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று தரை துடைக்கிற திரவமும் இரண்டு பாட்டில் எடுத்தேன். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

வீடு வந்தால் என் கேட்டில் கூட்டம். நிசார் பாய், அக்தரி பேகம், சௌமியா. கான்பூருக்காக அக்தரி பேகத்திடம் உருது படித்துக்கொண்டிருந்த பூர்ணிமா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா! 'கல்'னா நாளைக்கு. 'தேங்கே'ன்னா குடுத்துடலாம். நாளைக்குக் குடுத்துடலாம்னு சொல்லியிருக்காரு!"

"எத?"

அக்தரி பேகம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "தப்பு எங்களுதுதான் அண்ணே. திங்கக்கெழம உங்க காய் எங்க பக்கம் விழுந்துச்சு. மருமவ அம்பரீன் புதுசு, தெரியாம ஒடச்சு குருமாவுக்கு அரைச்சிட்டா. மறுநாள் பூர்ணிமா வேண்டுதல சொன்னதும் எனக்குக் கை காலே ஓடல. வேற காய் வாங்கிக் குடுத்துட்டு சொல்லுங்கன்னு இவர்கிட்ட தெனம் சண்ட. இவரு நாளைக்கு, நாளைக்குன்னே நாலு நாள ஓட்டிட்டாரு."

"குடுமிக் காய் கெடைக்கல சார். வெறுங்கையோட வந்து இன்னான்னு சொல்றது?" என்றார் நிசார்.

சௌமியா புருவத்தை உயர்த்தினாள். "திங்கக்கெழம குருமாவா? பூர்ணிமாவுக்குன்னு தூக்குல குடுத்தீங்களே, அதுவா?"

"அதுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் குருமாவை நாலு பரோட்டாவுக்கு ஊற்றிக்கொண்டு, தூக்கை விரலால் வழித்து, 'ஸ்கூட்டர் நிறுத்தத் தெரியாதே தவிர, இந்த வீட்டுல குருமா வெக்கத் தெரியும்' என்று சர்டிபிகேட் கொடுத்தவன் நான்.

அந்த நேரம் பார்த்து கேபிள் வயர் மேல் ஒரு அணில் ஓடி வந்து மரத்தில் ஏறியது. ஒரு இளங்காயைக் கட்டிப்பிடித்துக் கொறித்தது. காய் தொப்பென்று என் காலடியில் விழுந்தது. அதே ஓட்டை. பல் தடம் பளிச்சென்று தெரிந்தது.

"கல்லு உடற ஆளு வந்துட்டான் சார்" என்றார் நிசார்.

"மன்னிச்சிடுங்க பாய்."

"உடுங்க சார். அத்தினி பேர் முன்னாடி சொல்லிட்டீங்களா, அதான் பேஜாரா பூட்ச்சு."

அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமலிருந்தால் தேவலை என்றிருந்தது.

"மொத காய்ல கொஞ்சமாவது வழிக்குப் போறவ வயித்துலயும் போச்சு இல்ல" என்றாள் சௌமியா. "சாமி கோச்சிக்க மாட்டாரு. அந்தக் கடைக் காய எடுங்க, அதையே ஒடச்சிடலாம்."

பையிலிருந்து எடுத்தேன். ஸ்டிக்கர் ஒட்டிய சுத்த மொட்டை. நிசார் பாய் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கல் தேங்கே" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டர் வந்து, வழக்கம்போல என் கேட்டை அரையடி மறைத்து நின்றது. குடியாத்தம் பக்கத்துத் தோப்பு வரைக்கும் போய்வந்தாராம். கையிலிருந்த காய்க்குக் குடுமி ஒரு ஜாண். கேட்டைப் பாதிதான் திறக்க முடிந்தது. ஒருக்களித்து வெளியே வந்து வாங்கிக்கொண்டேன். விரிஞ்சிபுரத்தில் அது சரிபாதியாக உடைந்தது.

மறுநாள் காட்பாடி ஸ்டேஷனுக்கு அவர்களும் வந்தார்கள். ரயில் நகர்ந்ததும் பூர்ணிமா ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "எப்பப்பா என்னப் பாக்க வருவீங்க?"

"கல்" என்றேன். கண்தான் ஒத்துழைக்காமல் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் நிசார் பாய், பிளாட்பாரமே அதிரும்படித் தும்மினார். நல்ல வேளை, எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.