ஆறு மாதப் பீப்பாய்

“அங்க போயி ஏன் குந்திக்கினு இருக்க? அவன் தலமாட்டுல வந்து குந்து” என்று தனபாக்கியம் கையைப் பிடித்து இழுத்தாள். செத்துப்போன பழனிவேலுக்கு அக்காள். அழுது அழுது குரல் கம்மிவிட்டது. அவன் பெண்டாட்டி செந்தாமரை எழுந்திருக்கவில்லை. ஸ்டோர் ரூம் கதவில் முதுகைச் சாய்த்துக் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கதவைப் பூட்டிய சாவி இடுப்பில் செருகியிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் குத்தியது.

“மயக்கமா வருது அண்ணி. கொஞ்ச நேரம் இங்கியே இருக்கன்.”

“இருக்கும்டி, இருக்கும். காப்பித் தண்ணியாவது குடி.”

தனபாக்கியம் போனதும் அவள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு எதிரே பார்த்தாள். நடையின் சுவரில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கியது. தேதி தெரிந்தது. புதன் தெரிந்தது. ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. சூலம் வடக்கு, பரிகாரம் பால். எல்லாவற்றுக்கும் கீழே, அட்டையின் விளிம்பில், கடையின் போன் நம்பர் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். காலையிலிருந்து எத்தனையாவது முறை என்று தெரியவில்லை.

கெட்ட சாராயம் குடித்தவர்களுக்கு முதலில் கண்தான் போகும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். சிலருக்கு ஒரு நாள் கழித்துக்கூடத் தெரியுமாம். அவள் குடித்தது நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு. இப்போது மணி பதினொன்று.

ஹாலில் ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. வாசலில் ஷாமியானா போட்டு, நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெனரல் ஷிப்டுக்குப் போகாமல் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் உள்ளவர்கள் வந்து நின்றார்கள். “ரிட்டயர்மென்டுக்கு ரெண்டு வருசம் இருக்கச்ச இப்பிடியா” என்று யாரோ சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ஹார்ட் அட்டாக் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். எழுதுவதற்கு முன்னால் அந்த இளம் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். “குடிப்பாராம்மா?”

“இல்லீங்க” என்றாள்.

எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்? மார் வலித்ததைச் சொன்னாள். வேர்த்ததைச் சொன்னாள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அவர் சொன்ன இன்னொன்றை மட்டும் சொல்லவில்லை. “கண்ணு மசங்குது, தாமர.”

“அண்ணி.” சடையப்பன் வந்து நின்றான். பழனிவேலுக்கு இளையவன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. “தப்பா நெனைக்காதீங்க. தூக்கறவங்களுக்கு ஊத்தணும். அண்ணன் பீப்பாய் வச்சிருக்காரே, அத எடுத்துக்கறோம்.”

“அது வேணாம் தம்பி.”

“கடையில வாங்கறதுக்குக் காசு இல்லன்னு இல்ல அண்ணி. போன பொங்கல்லேர்ந்து சொல்லிக்கினே இருந்தாரு. ஊரே பொங்கக் காயில கொழம்பு வெக்குது, நான் அதுல பீரு வெச்சிருக்கன்டா, ஆடிப்பெருக்கு அன்னைக்கித் தொறப்பன், மொத தம்ளரு உனக்குத்தான்னாரு.” சிரிக்கப் போனவன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். “குடுத்துட்டுப் போவல பாருங்க.”

“ஹரி வரட்டும்.”

“அவன் வந்தா குடுக்கத்தான் போறான். அதுக்குள்ள...”

“அவன் வரட்டும் தம்பி. அவன் பீப்பாய் அது.”

சடையப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவள் முதுகு கதவோடு ஒட்டியிருந்தது. வேன் நிறைய ஆட்கள். எல்லாருக்கும் பெண்டாட்டி, பிள்ளை. ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்துவிட்டுப் பாடையைத் தூக்குவார்கள். கொடுத்தால் அது. கொடுக்காமல் காரணத்தைச் சொன்னால் அவரை அறுப்பார்கள், போலீஸ் வரும், பீப்பாய் யாருடையது என்று கேட்பார்கள்.

மகன் ஹரி பெங்களூரில் பீர் காய்ச்சும் கம்பெனியில் வேலை பார்த்தான். விஸ்கி ஊறிய ஓக் மரப் பீப்பாய் ஒன்றைத் தை மாதம் காரில் போட்டு எடுத்து வந்தான். வெளிநாட்டுப் பண்ணைகளில் அறுப்புக்கு வருகிறவர்களுக்காக வீட்டிலேயே இப்படிக் காய்ச்சுவார்களாம். அந்தந்தப் பருவத்தில் தோட்டத்தில் விளைந்ததைப் போடுவார்களாம். “அப்ப நம்ம பொங்கக் காய்ங்களப் போடு” என்றார் பழனிவேல். பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முளைகட்டிய பார்லி. அப்பனும் பிள்ளையும் அடுப்படியை இரண்டு நாள் பிடித்துக்கொண்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு அவருக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. வாயில் போட்டால் சூடு தெரியும், உப்பு தெரியும். மற்றதெல்லாம் அவள் சொல்லித்தான். குழம்பு முதல் மாம்பழம் வரை அவள் நாக்கால்தான் அவர் சாப்பிட்டார்.

நேற்று அவருக்கு வார ஓய்வு. பெருக்கு வரை பொறுக்க முடியவில்லை. “ஹரிகிட்டச் சொல்லாத” என்று குழாயைத் திருகினார். மங்கிய பொன்னிறத்தில் நுரையோடு வந்தது. அவளிடம்தான் முதலில் நீட்டினார். நோட்டையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல அவள் வாயையே பார்த்தார்.

அவள் இரண்டு வாய் குடித்தாள். முதலில் நீராகாரத்துப் புளிப்பு. பிறகு கிழங்கு. விழுங்கிய பிறகு தொண்டையில் வந்து நின்றது ஒரு கசப்பு. அவள் அறியாத கசப்பு. இதில் ஏதோ தப்பு என்று தோன்றியது. ஆனால் அவர் முகம் அப்படி இருந்தது.

“நல்லா இருக்குங்க.”

எழுதிக்கொண்டார். முழுத் தம்ளரையும் குடித்தார்.

ஹரி ஒரு மணிக்கு வந்தான். பெட்டியின் மேல் விழுந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவனைத் தூக்கி நிறுத்தியதும் சடையப்பன் காதில் ஏதோ சொன்னான். ஹரி அம்மாவைப் பார்த்தான். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். குழாயின் அடியில் எவர்சில்வர் தம்ளர் இருந்தது. அடியில் நுரை காய்ந்திருந்தது. அவன் அதைப் பார்த்தபடியே நின்றான்.

“எப்பம்மா தொறந்தீங்க?”

“நேத்து.”

“அப்பா குடிச்சாரா?”

“ஒரு தம்ளர்.”

“நீ?”

“ரெண்டு வாய்.”

அவன் அவள் கண்களைப் பார்த்தான். ஒரு கண், பிறகு இன்னொரு கண். அவனும் அதையேதான் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

“வேற எதாவது ஊத்தினாரா இதுல?”

“நீ சொன்னதத் தவுர ஒண்ணும் இல்ல.”

“டாக்டர்கிட்டச் சொன்னியா?”

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். வெளியே தீயில் மோளம் காய்ச்சுகிறவர்கள் ஒரு முறை தட்டிப் பார்த்தார்கள்.

ஹரி பீப்பாயின் மேல் இருந்த நோட்டைத் திறந்தான். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. ‘தாமரை: நல்லா இருக்கு.’ அவ்வளவுதான்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“நல்லா இருக்குன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னேன்னு கேக்கல. எப்படி இருந்துச்சு?”

அவள் சொன்னாள். “புளிப்பு. அப்பறம் கெழங்கு. கடைசியா ஒரு கசப்பு. மழையில ஊறுன பழைய கதவு மாதிரி, அணைச்ச வெறகு மாதிரி. அத நான் அவருகிட்டச் சொல்லல.”

அவன் தம்ளரைக் கழுவாமலே குழாயில் பிடித்தான். முகர்ந்தான். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

“மரத்துக் கசப்பும்மா. இப்படித்தான் இருக்கணும். போன வாரம்கூட அப்பா போன்ல கேட்டாரு, கசப்பு எறங்கியிருக்குமா, உங்கம்மா கண்டுபிடிச்சிடுவாளான்னு.”

“அப்ப அதனால இல்லியா?”

“சாராயத்துல வர்ற விஷம் இதுல வராதும்மா. சத்தியமா.” மீதியை நிறுத்தாமல் குடித்து முடித்தான். தம்ளரின் விளிம்பு அவன் பல்லில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது.

கதவு தட்டப்பட்டது. “ஹரி, நேரம் ஆவுதுப்பா. கேன் கொண்டாந்திருக்கன்.”

ஹரி கதவைப் பார்த்தான். பீப்பாயைப் பார்த்தான். அம்மாவைப் பார்க்கவில்லை.

“கெட்டுப்போச்சு சித்தப்பா. கீழ ஊத்தப் போறேன். கடையில வாங்கிக்குங்க.”

“அட... ஆறு மாசம் வெச்சிருந்து கெட்டுப்போச்சா!” சடையப்பனின் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

ஹரி குனிந்து குழாயைத் திறந்துவிட்டான். அது தரையில் விழுந்து, மூலையிலிருந்த சாக்கடைத் துளையை நோக்கி ஓடியது. பரங்கிக்காய் வாசம் எழுந்தது. இருவரும் அது முழுதும் ஓடி முடியும்வரை நின்றார்கள்.

அவள் கதவைத் திறந்தாள். நடையில் யாரும் இல்லை. எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

“ஹரி, அதுல என்ன போட்டிருக்கு, படி.”

ஏன் என்று அவன் கேட்கவில்லை. “புதன்.”

“அதுக்குக் கீழ?”

“ராகு காலம், பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை.”

“கீழ.”

“சூலம் வடக்கு. பரிகாரம் பால்.”

“இன்னும் கீழ, கண்ணு.”

வாசலில் மோளம் தொடங்கியது. அவன் கண்களைக் கசக்கிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, போன் நம்பரைப் படிக்க ஆரம்பித்தான். அவள் உதடுகள் அவனோடு சேர்ந்து சத்தமில்லாமல் அசைந்தன.