சாரங்காவுக்கு ஒரு பாராட்டு விழா

விசுவமடுச் சந்தியில் கட்டியிருந்த பதாகையில் சிற்றம்பலத்தின் முகம் வண்டில் சக்கரத்தளவு இருந்தது. விழாவின் பிரதம விருந்தினர் அவர்; கனடாவிலிருந்து வந்திருந்த பழைய மாணவர்; பாடசாலைக்கு நுழைவாயில் வளைவு கட்டிக் கொடுத்தவர். கீழ் மூலையில் சாரங்கா. மாகாண ஈட்டி எறிதலில் முதலிடம் பெற்றவள் அவள்தான். விருந்தினரின் தோளுக்கு இடம் தேவைப்பட்டதால் அவள் கையிலிருந்த ஈட்டியை வெட்டிவிட்டிருந்தார்கள். வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு, வகுப்பிலிருந்து வெளியே போக அனுமதி கேட்பவள்போல நின்றாள்.

விழாவுக்கு மறுநாள் காலை கொழும்பில் அகில இலங்கைப் போட்டி. மற்றப் பிள்ளைகள் விடியவே போய்விட்டார்கள். சாரங்காவை மட்டும் பாடசாலை அதிபர் மறித்து வைத்தார். விருந்தினருக்கு வேறு நாள் இல்லையாம். விழா மத்தியானத்தோடு முடிந்துவிடுமாம். பின்னேரம் கிளிநொச்சியில் கொழும்பு பஸ் ஏறலாமாம். விளையாட்டு ஆசிரியர் ரஜிதன் அங்கே ஈட்டியோடு காத்து நிற்பாராம்.

தாய் கௌசலா மறுத்தாள். தகப்பன் குகதாசன்தான் தலையாட்டினான். அழைப்பிதழில் அவன் பெயரையும் அச்சடித்திருந்தார்கள். வயலில் உரம் எறிகிறவனுக்கு அது பெரிய விஷயம். அது தெரிந்துதான் அச்சடித்தார்கள் என்பது கௌசலாவுக்கு விளங்கியது, அவனுக்கு விளங்கவில்லை.

விருந்தினர் ஆனையிறவு உப்பளத்தடியில் நின்று படம் எடுத்துவிட்டு ஆறுதலாக வந்து சேர்ந்தார். அதுவரை பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் வெயிலில் காய்ந்தார்கள். பிறகு மாலைகள், பொன்னாடைகள். குகதாசனுக்கும் ஒன்று போர்த்தினார்கள். வரவேற்றவர்களையே திரும்பவும் வரவேற்றார்கள். வளைவின் அழகைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். உடைந்து கிடந்த குடிதண்ணீர்க் குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாரங்காவுக்கான கேடயம் கடைசியில்தான். இந்தப் பக்கத்து விழாக்களில் அது மாறாத ஒழுங்கு. யாருக்காகக் கூட்டமோ அவரைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். முதலிலேயே கொடுத்தால் சனம் எழும்பிப் போய்விடும். பெரிய மனிதர்கள் வெறும் கதிரைகளுக்குப் பேச வேண்டிவரும்.

சிற்றம்பலம் ஒலிவாங்கியைப் பிடித்தார். செருப்பில்லாமல் படித்ததைச் சொன்னார். பனியில் வேலைக்குப் போனதைச் சொன்னார். மறுபடி செருப்புக்கு வந்தார். மேடையோரம் நின்ற சாரங்கா தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ரஜிதன் தொலைபேசியில் கௌசலாவை அழைத்தார். பஸ் கொடிகாமம் தாண்டிவிட்டதாம். இப்போதே வெளிக்கிட்டால் பிடிக்கலாம்.

கௌசலா மேடையடிக்குப் போய், கேடயத்தை இப்போதே கொடுத்து அனுப்பிவிடும்படி அதிபரிடம் கேட்டாள். விருந்தினரின் பேச்சைக் குழப்புவது பண்பில்லை என்றார் அவர்.

"சேர், இந்த பஸ்ஸை விட்டால் பிள்ளை நாளைக்கு எறியேலாது."

"அதுக்கென்னம்மா?" அதிபர் விருந்தினர் பக்கம் சிரித்தபடியே குரலைத் தாழ்த்தினார். "மாகாணத்திலை முதலாவது வந்திட்டாள்தானே. பள்ளிக்கூடத்துக்கு அது காணும்."

முன்வரிசையில் இருந்த குகதாசனுக்கு அது கேட்டது. பொன்னாடையைக் கழற்றிக் கதிரையில் போட்டான். மகளிடம் போய்க் கையைப் பிடித்தான்.

"வா பிள்ளை."

"சேர் ஏசுவார், அப்பா."

"ஏசட்டும். வாய்வேலை தவிர அவருக்கு வேறை என்ன தெரியும்?"

மோட்டார் சைக்கிளில் பையையும் வைத்துக்கொண்டு மூன்று பேர் போக முடியாது. கௌசலா நின்றுவிட்டாள்.

சிற்றம்பலம் பேசி முடிக்க இன்னும் நெடுநேரம் எடுத்தது. ஒருவழியாகச் சாரங்காவின் பெயர் அழைக்கப்பட்டது. அதிபர் கலங்கவில்லை. பாண்ட் வாத்தியக் குழுவில் நின்ற நெட்டையான ஒரு பிள்ளையின் தொப்பியைக் கழற்றிவிட்டு மேடைக்கு அனுப்பினார். விருந்தினர் அவளுக்குக் கேடயம் கொடுத்து, நாளைக்கு நன்றாக எறிய வேண்டும் என்று வாழ்த்தினார். அவள் யாரென்பது விருந்தினரைத் தவிர அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளை மட்டும் நிமிரவேயில்லை. அவள் ஒருத்திக்காகத்தான் கௌசலாவின் மனம் இரங்கியது.

தொலைபேசி அடித்தது.

"ஏத்தியாச்சு," என்றான் குகதாசன். "ரஜிதன் சேர் பஸ்ஸுக்கு முன்னாலை நிண்டு மறிச்சு வைச்சிருந்தவர்."

"சாப்பிட்டவளோ?"

"பணிஸ் வாங்கிக் குடுத்தனான்." பிறகு தானாகவே சொன்னான். "நீர் சொல்லேக்கையே நான் கேட்டிருக்க வேணும்."

"ஓம், கேட்டிருக்க வேணும்."

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் குரல் இளகியிருந்தது. அவனுக்கும் அது தெரிந்திருக்கும்.

"ரோட்டுக்கு வந்து நில்லும். கூட்டிக்கொண்டு போக வாறன்."

மேடையில் நன்றியுரை தொடங்கியிருந்தது. பெற்றோரின் ஒத்துழைப்பை அதிபர் மனமாரப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, கௌசலா கதிரைகளைச் சத்தமாகத் தள்ளிக்கொண்டு நடு வழியால் வெளியே நடந்தாள்.