கார்விக்கில் ஏறிய அலை

கார்விக் கல்லூரி கடலோர விளையாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்த ஆண்டு, செப்டம்பர் முதல் சனிக்கிழமை, அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில் மைதானத்துக்குள் கடல் வந்தது. கார்விக் இருப்பது நெப்ராஸ்காவில்; எந்தத் திசையில் போனாலும் கடற்கரையைப் பார்க்க இரண்டு நாள் கார் ஓட்ட வேண்டும். வடக்குக் கோல் கம்பத்தின் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நுரைத்துக்கொண்டு வந்து, நடுக்கோடு வரை ஏறி, ஆட்டம் முடிந்ததும் மரியாதையாகத் திரும்பிப் போனது. தண்ணீர் ஏறத் தொடங்கியபோதே நடுவர்கள் கூடிப் பேசினார்கள். மழையில் ஆடலாம், பனியில் ஆடலாம், கடலைப் பற்றி விதிகள் வாய் திறக்கவில்லை. எனவே ஆட்டம் தொடர்ந்தது. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிய கார்விக் பையனின் கால் விரலை ஒரு நண்டு கவ்வ, பந்து நழுவியது. கார்விக் ஐம்பத்திரண்டுக்கு ஆறு என்று தோற்றது. மறுநாள் தேவாலய வாசலில் ஊர் பேசியது நண்டைப் பற்றி அல்ல. அந்தப் பையனுக்குப் பந்தைப் பிடிக்கத் துப்பில்லை என்பதைப் பற்றித்தான்.

வேலியை ஒட்டிய முதல் வரிசையில் இருந்த வெர்னா குபிசெக் ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிறவள், அறுபதைத் தொடப்போகிறவள். "கடலோரக் கூட்டமைப்புல போய்ச் சேர்ந்துட்டு, கடல் ஏன் வந்துச்சுன்னு முழிச்சா எப்படி?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரனிடம். கடலால் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவளுடைய வயிற்றெரிச்சல் வேறு.

அதுவரை கார்விக், அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் ஆண்டுதோறும் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் சமவெளிக் கூட்டமைப்பில் இருந்தது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை என்றால் பக்கத்து ஊர் ஸ்டோவலோடுதான் ஆட்டம். தொலைக்காட்சிக்காரர்கள் காட்டிய பணத்தில் மயங்கிக் கல்லூரி கட்சி மாறியபோது, அந்த வெள்ளிக்கிழமை யாரோ முகம் தெரியாத கடற்கரைக்காரர்களுக்குப் போய்விட்டது. ஸ்டோவலில்தான் வெர்னாவின் தம்பி எமில் இருந்தான். இருபது வயதில் ஸ்டோவல் அணிக்காக ஆடி, கடைசி நொடியில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துக் கார்விக்கைக் கவிழ்த்தவன். பார்வையாளர் வரிசையில் அப்பா கார்விக் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசவில்லை. அப்பா பேசாததால் வெர்னாவும் பேசவில்லை. அப்பா போன பிறகு எப்படித் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைகளில் வேலியருகே நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். அதைப் பேச்சு என்று இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை.

"டேய், தொப்பை போன வருஷத்தை விடப் பெருத்துப் போச்சே! உங்க பசங்க எதுக்கு ஓடணும்? நீ உருண்டாலே போதும்."

"நீ கொண்டு வந்த சில்லியும் உங்க டீம் மாதிரிதான் வெர்னா, பார்க்கத்தான் காரமா இருக்கு" என்பான் எமில், இறைச்சியும் பீன்ஸும் மிளகாயும் போட்டுக் காய்ச்சிய அந்தக் குழம்புக்கு மூன்றாவது முறையாகக் கிண்ணத்தை நீட்டியபடி. கூடவே அவள் சுட்ட லவங்கப்பட்டை இனிப்பு ரோல்களையும் தீர்த்துவிட்டுத்தான் போவான்.

கடல் வந்த அந்த முதல் ஆட்டம் முடிந்ததும் வெர்னா நேராகக் கல்லூரி விளையாட்டுத் துறை இயக்குநர் டென்னிசனின் அறைக்குப் போனாள். அவர் முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிவிட்டிருந்தார்.

"மேடம், நாம இப்ப தேசிய அளவுல ஆடறோம். ஸ்டோவலை யார் டிவில பார்ப்பாங்க?"

"நான் டிவில பார்க்கக் கேக்கலை சார். வேலி ஓரமா நின்னு பார்க்கணும்."

"அடுத்த அஞ்சாறு வருஷத்துக்கு அந்த வெள்ளிக்கிழமை காலி இல்லை மேடம்" என்றார் டென்னிசன், காலடியில் துள்ளிய மீனை நாசூக்காக ஒதுக்கிவிட்டு.

வருடங்கள் ஓடின. முதல் ஆண்டு கார்விக் எல்லா ஆட்டத்திலும் மண்ணைக் கவ்வியது, சொந்த மைதானத்தில் ஈர மண்ணை. இரண்டாம் ஆண்டு ஒரு நீச்சல் பயிற்சியாளரை வைத்தார்கள். மூன்றாம் ஆண்டுதான் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது: கடற்கரைப் பையன்கள் கடலோரத்தில் வெயில் காய்ந்திருக்கிறார்களே தவிர, ஒருவனும் கடலுக்குள் பந்து ஆடியதில்லை. அதன்பின் கார்விக்கை அதன் சொந்தத் தண்ணீரில் யாராலும் அசைக்க முடியவில்லை. வெளியூர் போனால் மட்டும், உலர்ந்த தரையில் கால் ஊன்ற மறந்துபோய் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். ஆக வென்றது பாதி, தோற்றது பாதி. சமவெளியில் இருந்தபோதும் அதே கதைதான். இதற்கிடையில் ஸ்டோவலும் ரோஷப்பட்டு ஏரிக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அங்கே ஏரி வந்ததாகச் சொன்னார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் வெள்ளியும் வெர்னா பழக்கதோஷத்தில் பெரிய பானை நிறையச் சில்லி காய்ச்சி மைதானத்துக்கு எடுத்துப் போனாள். அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். பலமுறை தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். ஆட்டம் இருந்தால் "டேய் தொப்பை" என்று தொடங்கலாம். ஆட்டம் இல்லாமல் தம்பியிடம் சொல்ல அவளுக்கு முதல் வார்த்தை கிடைக்கவில்லை. அவனைப் பார்க்காமல் இருப்பது அவளுக்கு வலித்தது; அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நான்காம் ஆண்டு அக்டோபரில், எடைமேடையில் லாரியை நிறுத்திய ஸ்டோவல்காரன் ஒருவன் போகிறபோக்கில், "உங்க தம்பிக்கு வசந்தத்துல நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணாங்களே, இப்போ பரவாயில்லையா?" என்று கேட்டான். வெர்னா அந்த லாரிக்கு எடையைத் தப்பாக எழுதினாள்.

அந்த ஆண்டு வெள்ளிக்கிழமை கார்விக் வென்றால் கூட்டமைப்பின் கோப்பையே கைக்கு வரும். ஊரே திரண்டிருந்தது. மூன்றாம் கால் பகுதியில் வந்த அலை என்றும் இல்லாத அலை. மைதானத்தை நிரப்பி, தெற்கு வாசலைத் தாண்டி, கார் நிறுத்துமிடத்தைக் கடந்து, அறுத்த மக்காச்சோள வயல்களின் மேல் ஸ்டோவலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. கார்விக் முன்னிலையில் இருந்தது. வெர்னா எழுந்தாள், பானையைத் தூக்கிக்கொண்டாள். வெளியே ஒருவன், மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் தகரத் தொட்டியில் பனிக்கட்டி கொட்டிப் பீர் வைத்திருந்தான். கோடையில் ஊர்க்காரர்கள் ஏறி உட்கார்ந்து ஆற்றில் மிதக்கும் அதே வட்டத் தொட்டி. வெர்னா அதைக் கவிழ்த்தாள்.

"ஏய் வெர்னா, என் பீர்!"

"பொறுக்கிக்கோ. மிதக்குது பாரு."

தொட்டியில் ஏறி, பானையை மடியில் வைத்து, வாசலில் சாத்தியிருந்த, பனி அள்ளும் தட்டையான மண்வெட்டியால் துடுப்புப் போட்டாள். வயல்களின் நடுவே, பாதித் தூரத்தில், உப்புத் தண்ணீர் முடிந்து ஸ்டோவலின் ஏரித் தண்ணீர் தொடங்கியது. அங்கே எதிரிலிருந்து இன்னொரு தொட்டி வந்துகொண்டிருந்தது. அதில் எமில், பாதியாக இளைத்து, துடுப்புப் போடுவதும் மூச்சு வாங்குவதுமாக இருந்தான். தொப்பை என்று சொல்லத் தொப்பையே இல்லை. இரண்டு தொட்டிகளும் ணங்கென்று இடித்துக்கொண்டன.

"நெஞ்சைத் திறந்து தைச்சாங்களாமே. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடா உனக்கு?"

"எதிர் டீம்கிட்ட யாராவது காயத்தைச் சொல்வாங்களா?"

வெர்னா தொலைவில் மைதானத்தின் இரைச்சலைக் கேட்டாள். யாரோ ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப டீமெல்லாம் எங்கடா இருக்கு எமில்? நீயும் நானும்தான் இருக்கோம்."

எமில் துடுப்பைக் கீழே வைத்தான்.

"வலிக்குது அக்கா" என்றான்.

அவள் தன் தொட்டியை அவனுடையதோடு கயிற்றால் கட்டினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சில்லியை ஊற்றினாள். அதற்குள் அலை இறங்கி, இரண்டு தொட்டிகளும் மக்காச்சோளத் தட்டைகளின் மேல் மெல்ல அமர்ந்தன. கோப்பை யாருக்குப் போனது என்று அவர்கள் மறுநாள்தான் விசாரித்தார்கள். இப்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை இரண்டு ஊர்க்காரர்களும் தொட்டிகளோடு அங்கே வந்துவிடுகிறார்கள். வயலின் சொந்தக்காரர் மட்டும், அங்கே மக்காச்சோளம் கொஞ்சம் உப்புக் கரிக்கிறது என்று சொல்லி, வருகிறவர்களிடம் அதையே வேகவைத்து விற்கிறார்.